அரசன் வேடமும் பாரிஸ் குளிசையும்

என் வீட்டுக்காரர் அம்புறோஸ் பிடித்தால் பிடித்ததுதான். தை மாதப் பெருநாள் கூத்தில் அரசன் வேடம் கிடைத்ததும், குரல் நன்றாயிருக்க வேண்டுமென்று அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார். பெருநாள் முடியும்வரை செருப்புப் போடமாட்டாராம். எங்கள் ஊர் அல்லைப்பிட்டியில் அந்த மாரி மழைக்கு வளவெல்லாம் சேறு. மீன்பிடிக்கக் கடலில் நிற்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அந்தச் சேற்றில் வெறுங்காலோடு நடந்து பாடினார்.

மார்கழி பிறக்க இருமல் தொடங்கியது, பிறகு இழுப்பு. கடலுக்கும் போக முடியவில்லை, பாட்டின் இரண்டாம் அடிக்கு மூச்சும் எட்டவில்லை. தொய்வு, அதுதான் ஆஸ்துமா, என்று ஊரே சொன்னது. பாரிசில் இருக்கிற மச்சாள் ஞானசவுந்தரி, தன் தொய்வுக்குப் பாவிக்கிற குளிசையை ஆரிடமோ கொடுத்து அனுப்பினாள். வெளிநாட்டுக் குளிசை என்றால் எங்கள் ஆட்களுக்குக் கோயில் தீர்த்தம் மாதிரி! விழுங்கினால் இழுப்பு நிற்கும், விட்டால் திரும்ப வரும். கால்விரல் இடுக்கில் சொறி வேறு. எனக்குப் பொறுக்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டொக்டர் நிலாந்தினி இரத்தம் சோதித்து, காலையும் பார்த்தார்.

"ஐயா, இது தொய்வில்லை. சேத்துக்குள்ளை நடக்கேக்கை கால்தோலாலை புழு உள்ளை போயிருக்கு. குஞ்சுப் புழுக்கள் ரத்தத்தோடை நுரையீரலுக்குப் போகும். அதுகளை அடிக்க உடம்பு ரத்தத்திலை இருக்கிற ஈசினோபில் எண்ட வெள்ளைக் கலங்களை அனுப்பும். அந்தக் கலங்கள் புழுவிலை ஒட்டி நஞ்சைக் கொட்டும். அதிலை உங்கடை நுரையீரலும் வீங்கும். அந்தச் சண்டையாலைதான் இழுப்பு."

"அப்ப பாரிஸ் குளிசை போட்டா நிக்குதே?" என்றார் இவர்.

"அந்தக் குளிசை வெள்ளைக் கலங்களை அடக்கிப்போடும். சண்டைக்காரரைப் படுக்க வைச்சா சத்தம் நிக்கும்தானே! ஆனா புழுவுக்குத்தான் கொண்டாட்டம், பெருகிச்செண்டா உயிருக்கே ஆபத்து. அந்தக் குளிசையை விடுங்கோ. புழுவுக்கு மருந்து தாறன். கொஞ்ச நாளைக்கு இருமல் இருக்கும். செருப்பும் போடோணும்."

"பிள்ளை, செருப்பு நேர்த்தி..."

எனக்கு வந்ததே கோபம்! "அந்தோனியார் உங்களைப் பாடச் சொன்னவரோ, புழு வளக்கச் சொன்னவரோ?"

டொக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றைக்கே இவர் செருப்பைப் போட்டுக்கொண்டார். நேர்த்திக்குப் பதிலாக அந்தோனியாருக்கு மெழுகுதிரி.

பெருநாள் நெருங்கியும் இருமல் விடவில்லை. கூத்துப் பழக்குகிற குருசுமுத்து அண்ணாவியார் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அம்புறோஸ், ஏலாட்டிச் சொல்லும். வேறை ஆளைப் போடுறன்."

இவர் அலுமாரியைப் பார்த்தார். பாரிஸ் குளிசை அதற்குள்தான் இருந்தது. அதை விழுங்கினால் வேடம் கைவிட்டுப் போகாது. இளந்தாரியாய் இருந்த காலத்திலிருந்து இந்த வேடத்துக்கு ஏங்கின மனுசன். இவர் எழும்பிப்போய்க் குளிசைப் போத்தலை எடுத்து என் கையில் வைத்தார்.

"இதை எங்கையும் கொட்டும், ஜசிந்தா. உள்ளை நிக்கிறவை சண்டையைப் பிடிச்சு முடிக்கட்டும். அண்ணை, வேடத்தை ஆருக்கும் குடுத்திடாதேங்கோ. பெருநாளுக்கு நான் பாடுவன்."

அண்ணாவியார் என்னைப் பார்த்தார். நான் ஓம் என்று தலையாட்டினேன். உள்ளுக்குள் பயம்தான்.

புழு மருந்தில் இழுப்பு அடங்கியது, இருமல்தான் இடைக்கிடை எட்டிப்பார்த்தது. பெருநாளன்று அரச முடியும் உடுப்புமாய் மேடையில் ஏறினார். நீண்ட பாட்டு, மூச்சு விட இடமே இல்லாத பாட்டு. மத்தளம் முழங்க, குரல் ஏறிக்கொண்டே போனது. கோயில் வளவு முழுக்க வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு இருமல் கேட்டது. அண்ணாவியார் திடுக்கிட்டு மேடையைப் பார்த்தார்.

இருமியது நான். சந்தோசத்தில் வந்த அழுகையை அடக்கப்போய், அது இருமலாய் வெளியே வந்துவிட்டது.