சினை ஊசி போட வந்த மாப்பிள்ளை

ஆட்டுக்காரரின் கொட்டகையில் கொஞ்ச காலமாகவே குட்டி தங்கவில்லை. பாதி ஆடு சினை பிடிக்காது. பிடித்தாலும் குட்டி தலை நிமிராமலே போய்விடும். ஒரே கிடாவை அதன் மகள், பேத்தி என்று சொந்த ரத்தத்துக்குள்ளேயே சேர்த்ததன் பலன் என்றார்கள் கால்நடை மருத்துவமனையில். நல்ல கிடாவின் விந்தை ஊசி வழியாகச் செலுத்த ஆள் அனுப்புவதாகவும் சொன்னார்கள்.

வண்டியிலிருந்து இறங்கிய ஆளைப் பார்த்ததும் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். இறந்துபோன மகளின் புருஷன்.

மகள் காய்ச்சலில் போய் ஐந்து வருஷம். வருஷம் திரும்புவதற்குள் இவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அன்றோடு அவன் பேச்சை வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

"இந்த வீடுன்னு தெரிஞ்சேதான் வந்தேன், மாமா. பிடிக்கலன்னா திரும்பிடுறேன்."

"வேற ஆள் இருக்கா?"

"இப்போதைக்கு நான் ஒருத்தன்தான்."

"அப்ப வந்த வேலையப் பாருங்க, சார்."

மருந்தில் ஊறிய பஞ்சு ஒன்றை ஒவ்வொரு ஆட்டின் பிறப்புறுப்புக்குள்ளும் வைத்தான். நூல் மட்டும் வெளியே தொங்கியது. "இது இருக்கிற வரைக்கும் எதுவும் பருவத்துக்கு வராது. உருவிட்டு ஒரு ஊசி போட்டா எல்லாம் ஒண்ணா வரும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

சொன்னபடியேதான் நடந்தது. பஞ்சை உருவிய மறுநாள் ஆடுகள் போட்ட கத்தலில் கொட்டகை அதிர்ந்தது. "சந்தைக்கடை தோத்துச்சு போ!" என்றாள் அவர் மனைவி.

விந்து செலுத்தும் நாளில் ஆடு பிடிக்க வேறு கை இல்லை. அவர் பின்னங்கால்களை நெஞ்சோடு தூக்கிப் பிடித்தார். அவன் மண்டியிட்டு, பனிப்புகை கக்கும் குடுவையிலிருந்து விந்து உறைந்த குச்சியை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டான். வெள்ளைக் காது ஆட்டின் முறை வந்ததும் அவன் கை நின்றது.

"இது அவ பால் புகட்டி வளத்த குட்டிதானே?"

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு வருஷம்கூடப் பொறுக்கலையே உங்களுக்கு!"

"ஒத்தையா இருக்க முடியல மாமா. ராவும் பகலும் சுவரோட பேசிட்டிருந்தேன். உங்க மடியில விழுந்து அழணும்னு வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க கதவச் சாத்திட்டீங்க."

உண்மைதான். சாத்தினார். அந்த முகத்தைப் பார்த்தால் மகள் நினைவு வந்து தானும் உடைந்துவிடுவோமோ என்று சாத்தினார். அதை இப்போது எந்த வாயால் சொல்வது?

"சீக்கிரம் போடுங்க. ஆடு பாவம்" என்று மட்டும் சொன்னார்.

பல வாரம் கழித்து அவன் ஸ்கேன் கருவியோடு வந்தான். பாதிக்கு மேல் சினை. வெள்ளைக் காது பிடிக்கவில்லை. அதை அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"போகுது. அவ வளத்தது, சும்மாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றார். பிறகு அதன் காதைத் தடவிவிட்டார். "குட்டி ஈனுறப்ப வருவீங்கல்ல மாப்பிள்ளை? அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வாங்க."

அவன் கருவியைப் பிடித்தபடியே நின்றான். கண் கலங்கியிருந்தது. கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி விருட்டென்று உள்ளே போனாள். சமையலறையில் பாத்திரம் ஒன்று தடாலென்று விழுந்தது.

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது, புருஷனைப் பார்த்துச் சொல்வதுபோல:

"அந்தப் பொண்ணு காரம் தின்பாளான்னு கேட்டு வைங்க."