எப்படிப்பட்ட மனுஷி?

முதல் ரொட்டியை எண்ணெயில் போட்ட கையோடு அய்ஜமால் அடுப்படி ஜன்னலைத் திறந்துவிட்டாள். உறைந்து கிடந்த ஆரல் கடலின் காற்று சுருக்கென்று உள்ளே பாய்ந்தது.

"அடியே, மூடுடி! மாவு விறைச்சுப் போகும்," என்றாள் பக்கத்து வீட்டு ஷோல்பான் அத்தை.

"விறைக்கட்டும் அத்தை. அம்மா எப்படிப்பட்டவங்கன்னு இமாம் எல்லார்கிட்டயும் கேக்கப் போறாரு. பதில் என் காதுல விழணும்."

முற்றத்தில் ஜனாஸா, இறுதித் தொழுகை. கம்பளத்தில் சுற்றிய அம்மாவைச் சுற்றி ஆண்கள் மட்டும். பெண்களுக்கு இறந்தவருக்காகச் சுடும் ஏழு ரொட்டியும் இந்த ஜன்னலும்தான்.

அப்பா ஓராஸ்பேக்கின் இடுப்பு உடைந்த வருஷத்திலிருந்து படகை ஓட்டியது அம்மா. குளிர்காலத்தில் பனியை உடைத்து வலை இறக்கியதும் அவள்தான். ஆனால் உரிமம் அப்பா பேரில். சிறந்த மீனவர் என்று விழாவில் பட்டு அங்கி போர்த்தியதும் அப்பாவுக்கே. சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துக் கைதட்டிய அம்மா, "போகட்டும், அந்த அங்கி எனக்கு அளவு பெருசு," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை அய்ஜமால் இன்னும் மறக்கவில்லை.

"மண்ணு மூடுறதுக்குள்ளயாவது உண்மையச் சொல்லுங்கப்பா," என்று காலையில் அவரிடம் கெஞ்சினாள். அப்பா கைத்தடியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார். ஊர் சிரிக்குமே என்கிற பயம் அவருக்கு.

"இவங்க எப்படிப்பட்ட மனுஷி?" இமாமின் குரல் கேட்டது.

"நல்லவங்க!"

"நல்ல தாய்!"

"அவங்க வீட்டு மீன் சூப்பு மாதிரி வருமா!"

பாழாய்ப் போனவர்களுக்கு சூப்புதான் கண்ணில் பட்டதா? அய்ஜமாலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கைத்தடி தரையில் தட்டியது.

"மீன் பிடிச்சவ." அப்பாவின் குரல். "இந்த வீட்டு மீனவர் அவதான். நான் கரையில உக்காந்து வலை தைச்ச கூலியாள்."

அய்ஜமால் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"அட போய்யா!" என்றார் அடுத்த படகுக்காரர் தோலெகென். "எங்களுக்குத் தெரியாதா? அவ வலை போட்ட இடத்த மோப்பம் புடிச்சுத்தானே நான் பொழச்சேன்! நீயா வாய் தொறக்கணும்னு இருந்தோம்."

"தெரிஞ்சுமா வாயப் பொத்திட்டு இருந்தானுங்க, திருட்டுப் பசங்க!" என்றாள் ஷோல்பான் அத்தை. அய்ஜமாலுக்கு அழுகையோடு சிரிப்பும் சேர்ந்து வந்தது. நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது.

அப்பா தடுமாறித் தான் போட்டிருந்த அந்த விழாப் பட்டு அங்கியைக் கழற்றி, கம்பளத்தின்மேல் விரித்தார். தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை அது அளவு சரியாக இருந்தது.

"ஏய், ரொட்டி கருகுதுடி!"

அவள் அதைத் திருப்பிப் போட்டாள். ஜன்னலை மூடவில்லை.