ஐந்து இறாத்தலா, இருபதா

1.
இந்தக் கதை களவெடுத்தது. வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கும், கனடாவின் ஸ்காபரோக் கடையொன்றில் எனக்கு முன்னால் நின்றவரிடமிருந்து எடுத்தேன். அவருக்கு இராஜரட்ணம் என்று பேர் வைத்து, பக்கத்து ஊரான அஜக்ஸில் ஒரு வீடும் கொடுத்திருக்கிறேன்.

2.
முதல் வசனம்: ‘காபனீரொட்சைட்டு சிலிண்டர்கள் சுவரோரம் வரிசையாக, ஏதோ…’

வேண்டாம். நேரே சொல்கிறேன். இராஜரட்ணம் வாழ்நாளில் ஒரு மிடறு குடித்ததில்லை. ஐந்து வருசத்துக்கு முன் வீட்டில் விருந்து. மகன் நிசாந்தன் தானே காய்ச்சிய பியரைக் கொண்டுவந்தான். இவர் அதைச் சபையறிய ட்ரைவ்வேயில் ஊற்றி, பிள்ளையைத் துரத்திவிட்டார். போனவன் நகரத்தின் மற்றக் கரையில், பார்க்டேலில், தங்கிவிட்டான்; வீட்டுப் பக்கம் வரவேயில்லை. இப்போது வீட்டிலேயே பியரைப் பீப்பாயில் அடைத்து, அந்தக் காபனீரொட்சைட்டுக் காஸை ஏற்றி, குழாயைத் திறந்தால் நுரையோடு வருகிறமாதிரிச் செய்துவைத்தால் மகன் வருவான் என்று நம்புகிறார். (எங்கள் அப்பாமாருக்கு மன்னிப்புக் கேட்க வராது, சாமான் வாங்க வரும்.)

3.
கடையில் வேலைசெய்கிற சாம்பவி சொன்னாள்: “அங்கிள், ஃபைவ் பவுண்ட் சிலிண்டர் காணும், அதுவே போதும். ஆறேழு பீப்பாய்க்கு வரும். ட்வென்டி உங்கட ஃபிரிட்ஜுக்குள்ள போகாது.”

“ஆறேழு முடிஞ்சா?”

“திருப்பி நிரப்பலாம்.”

முடிகிற கதையே இவருக்குப் பிடிக்கவில்லை. இருபது இறாத்தல் சிலிண்டரின் தோளில் குத்தியிருந்த சோதனைத் திகதியைத் தடவிப் பார்த்தார். பிறகு, ஐந்து வருசத்தில் முதல் தடவையாக, மகனுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“தம்பி, அப்பா. பியருக்குக் காஸ் சிலிண்டர் எடுக்கிறன். உனக்கு ஐஞ்சு இறாத்தலோ, இருபதோ?”

நிசாந்தனின் குரல் கடை முழுக்கக் கேட்டது:

“நான் குடிக்கிறதை அண்டைக்கே விட்டிட்டன், அப்பா.”

“அப்ப ஏன்ரா வரேல்லை?”

“எல்லாருக்கும் முன்னால, ‘உன்னை என்ரை பிள்ளையெண்டு சொல்ல வெக்கமாக் கிடக்கு’ எண்டனீங்கள். அதுக்கு.”

இராஜரட்ணத்துக்கு அது அடியோடு மறந்துபோயிருந்தது. பியரை ஊற்றியது மட்டும்தான் ஞாபகம்.

4.
முடிவு ஒன்று: அழுகிறார். (பொய். நாலுபேர் பார்க்க அழுகிற ஆளில்லை.)

முடிவு இரண்டு: “பிழை என்ரைதான், மோனை” என்கிறார். நாலு தரம் எழுதினேன். நாலு தரமும் அந்த மனுசன் வாய் திறக்கவில்லை. என்ன பிறவியப்பா இது! எழுதுகிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் கேட்டது இதுதான்:

“அப்ப… ஐஞ்சு காணுமோ?”

நிசாந்தன் இன்னும் போனை வைக்கவில்லை. அந்த மனுசனுக்குச் சொல்லிக்கொடுக்க என்னால் ஏலாது. உங்களில் யாராவது சொல்லிக்கொடுங்கள். கெதியாய்.