தோளுக்கு மேல் பார்க்கும் மிருகங்கள்

குடோனில் மூட்டை தூக்குகிற அவனுக்குக் கூட்டாளிகள் வைத்த பேர் சித்திரம். வேலை முடிந்து மற்றவர்கள் முதுகைச் சாய்க்க இடம் தேடும்போது, இவன் மட்டும் காகிதமும் பென்சிலுமாகத் தண்டவாளத்துக்கு அப்பால் இருக்கிற புதர்க்காட்டுக்குப் போய்விடுவான். நரி, முயல், கீரி, ஆந்தை, எது கண்ணில் பட்டாலும் உட்கார்ந்து வரைவான். இல்லாததைச் சேர்க்க மாட்டான், இருப்பதை விடமாட்டான். அந்த விஷயத்தில் அவன் பிடித்த பிடி உடும்புப்பிடி. அவையும் என்னவோ, அவன் வரைந்து முடிக்கிற வரைக்கும் கல்லாய்ச் சமைந்து நிற்கும்.

"உன்கிட்ட மட்டும் எப்படிடா நிக்குது?" என்று கேட்டால், "என் அழகுல மயங்கித்தான்" என்பான்.

படத்துக்குச் சட்டம் போடுகிற கடைக்காரர், தன் கடைச் சுவரில் மாட்ட நல்லதாய்ப் பொறுக்கிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். விடுமுறையன்று படங்களை எல்லாம் வீட்டுச் சுவரில் குண்டூசி குத்தி மாட்டிவிட்டு, எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அதே குடோனில் கோணி தைக்கிறவள். கோணல் தையல் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"ஏங்க, இதுல ஒண்ணாவது உங்களைப் பாக்குதா?"

"என்னைத்தான் பாக்குது. அங்க வேற யாரு இருந்தா?"

"நல்லாப் பாருங்க. எல்லாம் உங்க இடது தோளுக்கு மேல பாக்குது."

பார்த்தான். வேறு வேறு நாள், வேறு வேறு இடம். பார்வை மட்டும் ஒரே இடத்தில். யாரோ அவன் முதுகில் தொற்றிக்கொண்டு, என்ன வரைகிறான் என்று எட்டிப் பார்த்தது போல. சட்டென்று திரும்பினான். சாத்தின கதவுதான் இருந்தது. எழுந்து போய்த் தாழ்ப்பாளையும் போட்டான்.

"பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தாள் அவள். "நாளைக்கு நானும் வர்றேன். முதுகுக்கு முதுகு வெச்சு உட்காருவோம். எவ நிக்கிறா அங்கன்னு பாத்துடறேன்."

மறுநாள் சாயங்காலம் அப்படியே உட்கார்ந்தார்கள். நரி வந்தது. வரைந்துகொண்டே கேட்டான்: "ஏதாவது தெரியுதா?"

"புல்லு தெரியுது. கொசு தெரியுது. உங்களைக் கட்டிக்கிட்ட பாவம் தெரியுது."

முடித்துவிட்டுப் பார்த்தால், காகிதத்தில் நரி அவனை நேருக்கு நேர் பார்த்தது. இதுதான் முதல் தடவை. தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது.

திரும்பும் வழியில் அவள் முன்னால் நடந்தாள். தண்டவாளத்து ஓரம் ஒரு முயல் இருந்தது. அவளைக் கண்டு ஓடவில்லை. கல்லாய்ச் சமைந்து, அவளுடைய இடது தோளுக்கு மேலே பார்த்தது.

"தோள் என்னவோ கனக்குதுங்க" என்றாள் கழுத்தைச் சாய்த்து. "குனிஞ்சு குனிஞ்சு தைச்சதுதான்."

அவனுக்கு விளங்கிவிட்டது. குடோனில் ஒருத்தன் தளர்ந்துபோனால் மூட்டையைக் கீழே போட மாட்டார்கள். இன்னொருத்தன் முதுகோடு முதுகை ஒட்டி, முழங்காலை மடக்கி, "விடு" என்பான். சுமை முதுகு மாறிவிடும். தெரியாத்தனமாக இவள் வாங்கிக்கொண்டு போகிறாள்.

"நில்லு" என்றான். ஓடிப்போய் முதுகை அவள் முதுகோடு ஒட்டினான்.

"நடுவழியில என்னங்க இது? பாக்கிறவங்க சிரிக்கப் போறாங்க."

"சிரிக்கட்டும்." முழங்காலை மடக்கினான். "விடு."

"எதை?"

"விட்டேன்னு சொல்லு, போதும்."

"சரி, விட்டேன்!"

கழுத்தைத் திருப்பி முயலைப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. பிறகு முயலின் பார்வை மெல்ல நகர்ந்தது. அவளைத் தாண்டி வந்து, அவன் இடது தோளுக்கு மேலே நின்றது. கூடவே அவன் காதோரம் ஈரமாய் ஒரு மூச்சு.

"அட, லேசாயிடுச்சுங்க! என்ன மந்திரம் போட்டீங்க?"

"நீ முன்னால நட" என்றான். "திரும்பாம நட."

அவள் நாலு எட்டுத் தள்ளிப்போகும் வரை காத்திருந்தான். இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி, சுமை நிற்கும்படி சரிசெய்துகொண்டான்.

"சரி, வா" என்றான், அவளுக்குக் கேட்காத குரலில்.