பூஜ்யம் எனில் பன்னிரண்டுக்குப் போகவும்

1

ஒளிப்பானேன்? இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. நான் தினமும் நடக்கப் போகும் ஏரியின் பின்வாசலில், கையில் அட்டையும் படிவமுமாக ஒரு மாணவி என்னை நிறுத்தினாள்.

"சார், இங்க வந்து சேர எவ்ளோ செலவாச்சு?"

"நடந்துதான் வந்தேன். செலவென்ன செலவு?"

"சரி சார், அவ்ளோதான். தேங்க்ஸ்."

முந்தின நாள்தான் முன்வாசலில் ஒரு கார்க்காரரிடம் அவள் கால் மணி நேரம் பேசியதைப் பார்த்திருந்தேன். எனக்கு மட்டும் அரை நிமிடமா? சுருக்கென்றது. எழுதுகிறவனால் வேறு எப்படிப் பழிவாங்க முடியும்? வீட்டுக்கு வந்து அவளைக் கதையில் மாட்டிவிட்டேன். இதற்கு மேல் வருவதெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: "காலை வெயிலில் ஏரி ஒரு..."

ஒரு என்ன? வேண்டாம். ஏரியை வர்ணிக்க ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

இரண்டாவது: "அவள் ஒரு திமிர் பிடித்த..." இது கோபம் எழுதியது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது: அந்த அலுவலகத்தில் அவளுக்கு 'எட்டு வாரம்' என்று பெயர்.

இது நிற்கிறது. பயிற்சிக்கு வரும் மாணவர்களை அங்கே அவரவர் இருக்கப்போகும் காலத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். போன வருடம் ஒரு 'ஆறு வாரம்' இருந்தானாம். பிரிண்டரைப் பழுதாக்கியவன் என்பதைத் தவிர அவனைப் பற்றி யாருக்கும் எதுவும் நினைவில்லை.

எட்டு வாரம் படிப்பது சுற்றுச்சூழல் பொருளாதாரம். ஏரியைச் சீரமைக்க ஒரு வங்கி குறைந்த வட்டிக்குக் கடன் தரத் தயாராக இருந்தது. எந்த வாசலால் மக்களுக்கு எவ்வளவு பயன் என்று எண்ணில் காட்ட வேண்டும். பராமரிப்புச் செலவுக்கு ஈடாகப் பயன் தராத வாசலைச் சுவர் எழுப்பி அடைத்துவிடுவார்கள். அந்தக் கணக்குதான் அவள் அலுவலகத்தின் வேலை.

(கணக்கு எப்படி என்கிறீர்களா? ஓர் இடத்துக்கு வர நீங்கள் எவ்வளவு செலவழிக்கிறீர்களோ, அந்த அளவுக்காவது அந்த இடம் உங்களுக்கு மதிப்புள்ளது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கும் பின்வாசல்தான் வழி என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.)

3

அவளுடைய மேலாளருக்குப் பெயர் தசமம். எதையும் இரண்டு தசமத்தில் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "ஏழு பேரு வந்தாங்கன்னு எழுதாதே, ஏழு புள்ளி பூஜ்யம் பூஜ்யம்னு எழுது" என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்பது யாருக்கும் தெரியாது.

ஏழாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. வரைவு அறிக்கையின் அட்டவணையில் எட்டு வாரம் இப்படிப் பார்த்தாள்:

பின்வாசல்: பயன் 0.00. பரிந்துரை: அடைக்கலாம்.

பின்வாசலில் அறுபத்து மூன்று பேரைக் கேட்டவள் அவளேதான். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு அம்மா நினைவுக்கு வந்தார். "நடந்துதான் வர்றேம்மா" என்றவரிடம் நன்றி சொன்னதும், "அவ்ளோதானா? வேற எதுவும் கேக்கலியே?" என்று ஏமாற்றத்தோடு நின்றார். வேறு ஏன் கேட்கவில்லை? படிவத்தைப் புரட்டினாள். ஆறாவது கேள்விக்குக் கீழே சாய்ந்த எழுத்தில் ஒரு வரி இருந்தது.

செலவு பூஜ்யம் எனில் 12-க்குப் போகவும்.

வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை நிமிடம் நடக்கிறீர்கள், எவ்வளவு நேரம் இருப்பீர்கள் எல்லாம் ஏழிலிருந்து பதினொன்று வரை. நடந்து வந்த ஒருவரிடமும் அவை கேட்கப்படவே இல்லை. பன்னிரண்டு என்பது நன்றி சொல்லி முடிக்கும் வரி.

அந்த வரியை முதல் வாரத்தில் சேர்த்தது எட்டு வாரம்தான். ஆளுக்கு நான்கு நிமிடம் மிச்சம் என்று சொல்லி, தசமத்திடம் "பரவாயில்லையே!" என்று பாராட்டும் வாங்கியிருந்தாள்.

4

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. சொல்லுவாளா? படிப்பு முடிந்ததும் இங்கேயே வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

சொல்லாமல் விடுவதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். வேலை கிடைக்கிறது, சுவர் எழும்புகிறது, ஒருநாள் அந்தப் பக்கம் போகும்போது அவள்... நன்றாகத்தான் வந்தது. பரிசுக்கு அனுப்பலாம் போல அவ்வளவு சோகம். ஆனால் மறுநாள் காலை நான் நடக்கப் போயாக வேண்டுமே! கிழித்துவிட்டேன்.

5

"சார், கணக்குல ஒரு தப்பு நடந்திருக்கு."

"யாரு பண்ணது?"

(இந்த இடத்தில் 'சாஃப்ட்வேர்' என்ற சொல்லை அவள் நாக்கு நுனியில் கொண்டுபோய் வைத்தேன். தப்பிக்க ஒரு வழி இருக்கட்டுமே, சின்னப் பெண்தானே என்று. அவள் அதைத் தொடவில்லை. என் கோபம் போனது அப்போதுதான்.)

"நான்தான் சார்."

தசமம் படிவத்தை வாங்கிச் சத்தமாகப் படித்தார். இரண்டாவது முறை படிக்கும்போது சத்தம் குறைந்தது.

"இதைப் பார்த்துட்டு நான்கூட ஏதோ சொன்னேனே?"

"பரவாயில்லையேன்னு சொன்னீங்க."

"ஞாபகப்படுத்தாதேம்மா." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அறிக்கை வெள்ளிக்கிழமை போயாகணும். தெரியுமில்ல?"

"நாளைக்கும் நாளன்னைக்கும் பின்வாசல்லயே நிக்கிறேன் சார்."

"நில்லு. அந்த வரியை முதல்ல எடு."

6

இரண்டு நாளில் ஐம்பத்தெட்டுப் பேர் கிடைத்தார்கள். சலவைக்கார அம்மா வியாழக்கிழமை சாயங்காலம் வந்தார்.

"மறுபடியுமா? நான்தான் சொன்னேனே, செலவு இல்லன்னு."

"செலவு கேக்கலம்மா. எத்தனை தடவை வருவீங்க?"

"லீவு நாள் தவிர தினமும். வேலை முடிஞ்சு இருபது நிமிஷ நடை. அரை மணி உக்காருவேன்."

"எதுக்கும்மா வர்றீங்க?"

அந்த அம்மா படிவத்தை எட்டிப் பார்த்தார். "அதுக்கு இடமிருக்கா அதுல?"

"எழுதிக்கிறேன், சொல்லுங்க."

"வேலையில சூப்பர்வைசர் கூப்பிடுவாரு. வீட்டுல நாலு பேரு கூப்பிடுவாங்க. யாருமே என்னைக் கூப்பிடாத இடம் இது ஒண்ணுதாம்மா."

எட்டு வாரம் குனிந்து, ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி முழுவதையும் எழுதிக்கொண்டாள்.

7

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். தசமம் விடவில்லை.

"நேரத்தை எப்படி மதிப்பாக்குவே?"

"மணி நேரத்துக்கு இவ்வளவுன்னு."

"எவ்வளவு? அவங்கவங்க சம்பளக் கணக்குல போடறதுதான் வழக்கம். போட்டுப் பாரு."

அவரவர் வேலைக்கு உத்தேசமாக ஒரு சம்பளம் வைத்துப் போட்டாள். பின்வாசலின் பயன் பராமரிப்புச் செலவைவிடக் கொஞ்சம் குறைவாக வந்தது. கார்க்காரரின் ஒரு மணி நேரம் அந்த அம்மாவின் ஆறு மணி நேரத்துக்குச் சமம் என்று காட்டியது கணக்கு.

"சார், அவங்க ஒரு மணி நேரத்துலயும் அறுபது நிமிஷம்தானே இருக்கு?"

தசமம் கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் ஒரே விலை போட்டா?"

"வாசல் நிக்குது சார். பராமரிப்புக்கு மேலயே வருது."

"ரெண்டு அட்டவணையும் போகட்டும். ரெண்டாவதுக்குக் காரணத்தை நீயே எழுது, இப்ப சொன்னியே, அதே மாதிரி. முதல்ல பண்ண தப்பையும் சேர்த்து எழுது. வங்கிக் குழு முடிவு பண்ணட்டும்."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அறிக்கை போனது. அவளுக்கு வேலை உண்டா என்று கேட்பீர்கள். தசமம் இன்னும் என்னிடமே வாயைத் திறக்கவில்லை.

8

திங்கட்கிழமை, பத்து மணி. வங்கியின் நான்காவது மாடி. நீளமான மேஜையைச் சுற்றிக் கடன் குழு உட்கார்ந்திருக்கிறது. இதுவரை இரண்டு பேர் வழக்கமான அட்டவணைக்கு, இரண்டு பேர் புதியதற்கு. (மூன்றுக்கு ஒன்று என்று எழுதிப் பார்த்தேன். எந்தப் பக்கம் எழுதினாலும் அது என் காலுக்காக எழுதியது போலவே இருந்தது.)

ஐந்தாவது நாற்காலி காலி. அந்த வாசல் வழியே போகிறவன் நான். நான் அதில் உட்காருவது முறையில்லை. நீங்கள் வாருங்கள். கதையை முழுவதும் படித்தவர் இந்த அறையில் நீங்கள் ஒருவர்தான்.

தலைவர் கண்ணாடிக்கு மேலாக உங்களைப் பார்க்கிறார்.

"பின்வாசல் இருக்கணும்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க."