கட்டிலுக்கு மேலே ஒரு சக்கை

1

இந்தக் கதை என் பேராசையில் பிறந்தது. பொன்முடி போகும் வழியில் வேதமாணிக்கம் கட்டும் இயற்கை விருந்தினர் இல்லத்துக்கு விளம்பரக் கையேடு எழுதித் தந்தால் இரண்டு நாள் ஓசியில் தங்கலாம் என்றார்கள். ‘ஒரு மரத்தையும் வெட்டாமல் கட்டிய வீடு’ என்று எழுதிக் கொடுத்தேன். எழுதியது கீழே நகரத்தில், தம்பானூர் லாட்ஜில், ஏ.சி. அறையில். (இது கையேட்டில் இல்லை.)

2

முதல் தொடக்கம்: ‘மலையில் மூடுபனி இறங்கிக்...’ வேண்டாம். எல்லா மலைக்கதையிலும் அது இறங்கியாயிற்று.

இரண்டாவது: ‘மீரா ஒரு லட்சியப் பெண்...’ எனக்கே நம்பிக்கையில்லை.

சரி, உள்ளதைச் சொல்கிறேன். மீரா கரமனைக்காரி, கட்டடக்கலைஞர். தனியாகக் கட்டும் முதல் வீடு இது. பசுமைச் சான்றிதழ் கிடைத்தால் அடுத்த வேலை வரும். கிடைக்காவிட்டால் பழைய அலுவலகத்துக்கே திரும்பி, அடுக்குமாடிக் குளியலறைகளுக்கு டைல்ஸ் பொறுக்க வேண்டும். அங்கே நின்ற பலாவை வெட்ட மனமில்லாமல் அறைக்குள்ளேயே விட்டு, கூரையில் வழிவைத்தாள். அதன் அடியில் மண்கட்டில், சுவரோடு சேர்த்துக் கட்டியது. வெயிலையும் காற்றையும் அளந்தவள், பலா அடிமரத்தில் காய்க்கும் என்பதை மறந்துவிட்டாள்.

3

கட்டிலுக்கு நேர் மேலே இப்போது பதினைந்து கிலோ பலாப்பழம்; இந்தப் பக்கத்துப் பேச்சில் சக்கை. வேலை முடிந்த அறை இது ஒன்றுதான். சான்றிதழுக்காகப் பார்வையிட வரும் சுமந்த் சனிக்கிழமை இங்கேதான் தங்க வேண்டும்.

“பறிச்சுடலாமே அங்கிள்?” என்றாள் மீரா.

“முதல் சக்கை சபைக்குன்னு நேந்தாச்சு மக்களே. ஞாயிறாழ்ச்ச காலத்த பறிச்சு, நேரே கோயில்ல ஆதிபலன் காணிக்கைக்குக் கொண்டு போயி ஏலத்துல வைக்கணும். அதுக்கு முந்தித் தொடப்பிடாது” என்றார் வேதமாணிக்கம்.

“தலைல விழுந்தா என்னாறது?”

“ஆண்டவருக்க சக்கையில்லியா? அவரு பாத்துக்கிடுவாரு.”

(கயிறு கட்டித் தாங்கலாமே என்று கேட்கும் வாசகருக்கு: கட்டினார்கள். அணில் கடித்துவிட்டது. இயற்கை இல்லமென்றால் சும்மாவா?)

4

சனிக்கிழமை மத்தியானம் சுமந்த் வந்தார். மண்சுவரைத் தடவிப் பார்த்து, “கொள்ளாம்” என்று மலையாளத்தில் மெச்சினார். கட்டிலில் உட்கார்ந்தார். மூக்கைச் சுளித்தார். மேலே பார்த்தார்.

“மேடம், இது சேஃப் ஆணோ?”

இந்த இடத்தில் மீராவைப் பொய் சொல்ல வைக்கலாமென்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. “நான் படுத்துக் காட்டறேன், சார்” என்று அவரை எழுப்பிவிட்டுத் தானே மல்லாந்து படுத்தாள். வாசலில் நின்ற வேதமாணிக்கம் கண்ணை மூடி ஜெபித்தார். மரத்தில் ஏதோ முறிகிற சத்தம். காம்பு மெல்ல...

5

இதற்குமேல் எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. அவளை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

பழம் விழலாம். விழாமல் ஞாயிற்றுக்கிழமை சபையில் ஏலம் போகலாம். சுமந்தே ஏலம் கேட்கலாம். வேதமாணிக்கம் நேர்ச்சையை மறந்து ஓடிவந்து இரண்டு கையாலும் தாங்கலாம். எனக்கு ஆசை இதில்தான், ஆனால் அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

நீங்கள் எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள், சீக்கிரம். அவள் படுத்தே இருக்கிறாள். மரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள். கையேடு அச்சுக்குப் போய்விட்டது.