சவேரியோ அடைகாத்த மிளகாய்

சாந்தினாவுக்குச் சம்பந்தி அசுந்தாமேல் இருந்த கோபத்துக்கு ஒரே காரணம் மிளகாய்தான். மற்றபடி அசுந்தாவைக் குறை சொல்ல வழியில்லை. சாந்தினாவின் மகள் டெலியாவைத் தன் மகன் நீனோவுக்குக் கட்டிவைத்த நாளிலிருந்து, மருமகளைக் கையில் வைத்துத் தாங்கினாள். இத்தாலிக்காரர்கள் கூடி வாழும் தாமஸ்டவுனில் அப்படியொரு மாமியார் கிடைப்பது அபூர்வம்.

ஆனால் குளிர் விட்டு வெயில் தலைகாட்டியதும் இரண்டு மிளகாய்ச் செடிகளைத் தொட்டியில் ஏந்திக்கொண்டு வந்துவிடுவாள்.

"எங்கம்மா ஊர்லேர்ந்து கப்பலேறி வந்தப்ப, கலாப்ரியாவுலேர்ந்து கோட்டு விளிம்புல தைச்சுக் கொண்டாந்த விதை சம்பந்தி. விதை போட்டு மொளைக்க வைக்கிறதுக்கெல்லாம் ஒரு கைராசி வேணும். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

சாந்தினா சிரித்தபடி வாங்கிக்கொள்வாள். கதவைச் சாத்தியதும் பல்லைக் கடிப்பாள். அந்தச் செடியில் காய்த்த பழங்களையே காயவைத்து விதை எடுத்து அவளும் முயன்று பார்க்காமல் இல்லை. ஜன்னல் ஓரத்தில் வைத்தாள், குளிரில் அழுகிப்போயின. ஹீட்டர்மேல் வைத்தாள், வறுபட்டுப்போயின.

ஆகஸ்ட் என்றால் இந்தத் தென்கோடி நாட்டில் நடுக்குளிர். இந்த ஆகஸ்டில் அவள் கணவர் சவேரியோ, கூரை ஓரத்தில் அடைத்திருந்த இலைகளை அள்ளுகிறேன் என்று ஏணியில் ஏறி, இலையோடு இலையாக விழுந்தார். காலில் மாவுக்கட்டு. பகலெல்லாம் சமையலறை நாற்காலியில் வயிற்றில் வெந்நீர்ப் பையும் மேலே கம்பளியுமாக உட்கார்ந்து, அவள் வெங்காயம் நறுக்குவதில்கூடக் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காபி கொடுக்கப் போனவளின் கை கம்பளிக்குள் பட்டது. அடுப்பு மாதிரியும் இல்லாமல் ஐஸ் மாதிரியும் இல்லாமல் பதமான கதகதப்பு. சாந்தினா அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடி அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்லீங்க. அந்தப் பனியனைக் கழட்டிக் குடுங்க."

பனியனின் உட்பக்கம் ஒரு பை தைத்தாள். ஈர டிஷ்யூவில் விதைகளைச் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்தப் பைக்குள் செருகினாள்.

"எலும்பு ஒடிஞ்சு கெடக்கேன். என்னைக் கோழியாக்கப் பாக்குறியா?"

"கோழின்னா முட்டையாவது போட்டிருக்கும். நீங்க சும்மாதானே உக்காந்திருக்கீங்க? இதோட சேந்து உக்காருங்க."

முதலில் புலம்பித் தீர்த்தார். பிறகு புலம்பல் குறைந்தது. வெந்நீர்ப் பை சூடாறினால் அவரே குரல் கொடுக்க ஆரம்பித்தார். "கொதிக்கக் கொதிக்க ஊத்தாதேடி, பிள்ளைங்க வெந்துபோவும்." தும்மல் வந்தால் வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு தும்மினார். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல வைத்துக்கொள்வார்.

ஒரு காலையில் அவர் போட்ட கூச்சலில், மறுபடி விழுந்துவிட்டார் என்று சாந்தினா ஈரத்தலையோடு ஓடிவந்தாள்.

"வால் விட்டிருக்குடி! இங்க பாரு, வால்!"

விதையின் முனையில் நூலளவுக்கு வெள்ளையாக ஒரு வேர். இருவரும் தலையோடு தலை முட்டப் பார்த்துக்கொண்டிருந்தபோதே வாசல் மணி அடித்தது. அடிபட்டவரை விசாரிக்க அசுந்தாவும் அவள் கணவர் ரொசாரியோவும் ஒரு தட்டு நிறைய பாஸ்தாவோடு வந்திருந்தார்கள்.

சவேரியோ அவசரமாக உறையைச் செருகிக் கம்பளியை இழுத்துவிட்டார். ஆனால் கை மட்டும் வயிற்றைவிட்டு நகரவில்லை.

"சம்பந்தி ஏன் வயித்தைப் பிடிச்சிட்டே இருக்காரு?" என்றாள் அசுந்தா.

"வாயு" என்றாள் சாந்தினா சட்டென்று.

சொல்லியிருக்கக் கூடாது. வைத்தியம் என்றால் அசுந்தாவுக்குச் சர்க்கரைப் பொங்கல் மாதிரி. ஆலிவ் எண்ணெய்ப் புட்டியைத் தேடி எடுத்துக் கையில் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"ஐயோ, வேணாம் சம்பந்தியம்மா!"

"நான் என்ன அந்நியமா? கூச்சப்படாதீங்க."

"கூச்சம் இல்லம்மா, கூச்சம் இல்ல, உள்ள பிள்ளைங்க இருக்கு!"

அசுந்தா திகைத்து நின்றாள். சவேரியோ நெளிந்த நெளிவில் உறை நழுவித் தரையில் விழுந்தது. ரொசாரியோ குனிந்து எடுத்தார். பார்த்தார். அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

"அடடே! வெதையிலேர்ந்து இப்படித்தான் வருமா? நான் பாத்ததே இல்லையே! நாம எப்பவும் சந்தையில அந்த வியட்நாம்காரர்கிட்ட நாத்தாத்தானே வாங்கித் தொட்டி மாத்துவோம், இல்லையா அசுந்தா?"

பாஸ்தாவில் ஆவி பறந்தது. வேறெதுவும் அசையவில்லை.

இந்த ஒரு நிமிடத்துக்காகச் சாந்தினா எத்தனை வருஷம் காத்திருந்தாள்! சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் அசுந்தா எண்ணெய் வழியும் கையோடு, பழுத்த மிளகாய் நிறத்தில் நின்றாள்.

"அம்மா வெதை நெஜம்தான்" என்றாள் மெதுவாக. "அவங்க கண்ணை மூடின வருஷமே அதை எலி தின்னுட்டுது. அதை எப்படி வெளிய சொல்றது?"

சாந்தினா காபித்தூள் எடுத்து வருகிறேன் என்று சாக்குச் சொல்லிப் பின்கட்டுக்குப் போனாள். துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் நின்று, சமையல் ஏப்ரனால் வாயைப் பொத்தி, கண்ணீர் வரச் சிரித்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்தபோது சவேரியோ, பெற்றவர்போல ஒவ்வொரு வேராக அசுந்தாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாத்து தரேன் சம்பந்தியம்மா."

"நாத்து வேணாம். வெதையாக் குடுங்க" என்ற அசுந்தா, தன் கணவரின் வயிற்றைத் திரும்பிப் பார்த்தாள். சவேரியோவுடையதைப்போல இரண்டு மடங்கு.

"எனக்குக் கால் நல்லாத்தானே இருக்கு!" என்றார் ரொசாரியோ பதறிப்போய்.

"இருந்தா என்ன? உக்காருங்க."

அதன்பின் தினமும் சவேரியோ தொலைபேசியில் அவரை விசாரித்தார். "கதகதன்னு இருக்கா? குப்புறப் படுக்காதேய்யா. பியர் குடிச்சா வயிறு சில்லுன்னு ஆயிடும், வேணாம்." கட்டுப் பிரித்த பிறகும் அந்தப் பனியனைக் கழற்ற அவருக்கு மனம் வரவில்லை.

கோடை முடிவில் நீனோ வீட்டு விருந்துக்கு இரண்டு அம்மாக்களும் ஆளுக்கொரு கிண்ணம் மிளகாய் கொண்டுபோனார்கள். யாருடையதை முதலில் எடுப்பது என்று முழித்த நீனோ, இரண்டிலும் ஒவ்வொன்றை எடுத்து, கன்னத்துக்கு ஒன்றாக ஒரே நேரத்தில் வாயில் போட்டுக்கொண்டான். காது சிவந்தது. விக்கல் எடுத்தது. கண்ணிலிருந்து நீர் தாரைதாரையாகக் கொட்டியது. டெலியா தண்ணீருக்கு ஓடினாள்.

"பாத்தீங்களா, என் மிளகாய்!" என்றாள் சாந்தினா.

"அவன் அழுறது இடது கண்ணுல சம்பந்தி" என்றாள் அசுந்தா. "இடது பக்கம் மென்னது என்னோடது!"